அவனா, அதுவா? வகுப்பறைக்கு வந்த பிராங்கன்ஸ்டைன்

கல்லூரியில் குழு செமினார் எப்படி நடக்கும் என்பது அதில் ஒருமுறை உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். முதல் ஸ்லைடில் நாவலின் பெயர், ஆறு பேரின் ரோல் நம்பர். இரண்டாவதில் ஆசிரியர் பிறந்த தேதியும் இறந்த தேதியும். மூன்றாவதில் எழுதிய நூல்கள். நான்கிலிருந்து எட்டு வரை கதைச்சுருக்கம், எறும்பு ஊர்வது போன்ற எழுத்தில். ஒன்பதாவதில் ‘தீம்ஸ்’ என்று நான்கு வரி. கடைசியில் ஒரு ரோஜாப்பூ, அதன் மேல் நன்றி. ஒருவர் திரையைப் பார்த்து வாசிப்பார், மீதி ஐந்து பேர் சுவரோடு சுவராக நிற்பார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் பிபிடியைத் திருத்திக்கொண்டிருப்பார்கள். இன்டர்னல் மார்க் விழுந்துவிடும். நாவலை மட்டும் யாரும் திறந்திருக்க மாட்டார்கள்.

இளங்கலை ஆங்கில இலக்கிய வகுப்பில் மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலை முதல் தடவை செமினாருக்கு விட்டபோது எனக்கும் இதேதான் நடந்தது. ஐந்து குழுக்களில் நான்கு குழுக்கள் ஒரே படத்தை ஒட்டிக்கொண்டு வந்தன: தட்டை மண்டை, கழுத்தில் போல்ட், பச்சைத் தோல். கீழே ‘பிராங்கன்ஸ்டைன்’ என்று பெயர். அந்த ஜீவனுக்குப் பெயரே கிடையாது. பிராங்கன்ஸ்டைன் என்பது பிணங்களின் உறுப்புகளைச் சேர்த்து அதைச் செய்து உயிர் கொடுத்த விக்டரின் குடும்பப் பெயர். தட்டை மண்டையும் போல்ட்டும் 1931இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய ஹாலிவுட் படத்துக்காக ஜாக் பியர்ஸ் என்ற ஒப்பனைக் கலைஞர் செய்து கொடுத்தவை. நாவலில் இருப்பது எட்டடி உயரம், உள்ளே இருக்கும் தசையையும் ரத்தக்குழாயையும் சரியாக மூடாத மஞ்சள் தோல், பளபளவென்று கறுப்பு முடி, முத்துப் போலப் பல், கறுத்துப்போன உதடு. கோட்டையும் இல்லை, கூன் விழுந்த உதவியாளனும் இல்லை. விக்டர் டாக்டர்கூட இல்லை. ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்தில் படிக்கிற மாணவன். தன் பதினேழாவது வயதில் அங்கே போனவன், ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இந்தக் காரியத்தைச் செய்கிறான். மாணவர்கள் மாணவனைப் பற்றிய கதையைப் படிக்கிறோம் என்றே தெரியாமல் செமினார் எடுத்துவிட்டுப் போனார்கள்.

தப்பு அவர்கள் மேல் இல்லை. 24 அத்தியாயங்களை ஐந்தால் வகுத்துக் கொடுத்தது நான்தான். அப்படி வகுத்தால் ஒவ்வொரு குழுவுக்கும் கிடைப்பது கதையில் ஒரு துண்டு. துண்டை வைத்துக்கொண்டு சுருக்கம் சொல்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? இந்த நாவலை வெட்ட வேண்டிய இடம் வேறு.

விக்கிரமாதித்தன் கதையில் பதுமை ஒரு கதை சொல்லும், அதற்குள் வேதாளம் இன்னொரு கதை சொல்லும் அல்லவா, பிராங்கன்ஸ்டைனும் அந்த அமைப்புதான். வெளியே ராபர்ட் வால்டன் என்ற இளைஞன். வட துருவத்துக்கு வழி கண்டுபிடிக்கிறேன் என்று கப்பல் ஏறியவன், இங்கிலாந்தில் இருக்கும் தன் அக்கா மார்கரெட்டுக்குக் கடிதம் எழுதுகிறான். பனியில் சிக்கிய கப்பலில் ஏற்றப்பட்ட விக்டர், சாகக் கிடக்கும் நிலையில் வால்டனிடம் தன் கதையைச் சொல்கிறான். அந்தக் கதைக்குள், ஆல்ப்ஸ் பனிமலையில் ஒரு குடிசையில் நெருப்பு மூட்டி உட்கார்ந்து, அவன் செய்த ஜீவன் தன் கதையை அவனிடம் சொல்கிறது. 11ஆம் அத்தியாயம் முதல் 16 வரை, சரியாக நாவலின் நடுவில். ஆக நம் கைக்கு வருவது, ஜீவன் சொன்னதை விக்டர் சொன்னதாக வால்டன் எழுதியது. எல்லாமே வாய்வழிச் செய்தி. சுருக்கமாகச் சொன்னால் நாவலே மூன்று செமினார்கள்.

அதனால் அடுத்த வருடம் அத்தியாயத்தை விட்டுவிட்டு ஆளைப் பிரித்தேன். ஒரு குழுவுக்கு வால்டன், ஒரு குழுவுக்கு விக்டர், ஒரு குழுவுக்கு ஜீவன். நான்காவது குழுவுக்கு, கதையில் வந்தும் கதை சொல்ல வாய்ப்புக் கிடைக்காதவர்கள்: விக்டர் மணக்கப்போகும் எலிசபெத், வீட்டு வேலைக்காரி ஜஸ்டின், நண்பன் கிளெர்வல், குட்டித் தம்பி வில்லியம். ஐந்தாவது குழுவுக்குப் புத்தகத்தின் பிறப்பும் அது போன ஊர்களும். உங்கள் ஆள் என்ன பார்த்தானோ அதை மட்டும் பேசுங்கள், மற்றவன் மனதுக்குள் போகாதீர்கள் என்பது விதி. மற்றப் பகுதிகளைப் படிக்காதீர்கள் என்றும் சொல்லிப் பார்த்தேன். அப்படிச் சொன்னால்தான் சிலர் படிக்கிறார்கள்.

இது நான் கண்டுபிடித்த முறை ஒன்றும் இல்லை. 1971இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினில் எலியட் அரான்சன் என்ற உளவியலாளர் ‘ஜிக்சா’ என்ற பெயரில் இதைத் தொடங்கினார். கறுப்பினப் பிள்ளைகளும் வெள்ளையினப் பிள்ளைகளும் ஸ்பானிய வழிப் பிள்ளைகளும் அப்போதுதான் ஒரே வகுப்பில் சேர்ந்திருந்தார்கள், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு. பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கொன்று கொடுத்து, பக்கத்தில் இருப்பவன் சொன்னால்தான் உனக்கு முழுப் பாடம் என்று செய்துவிட்டார். அங்கே பாடத்தை ஆசிரியர் துண்டாக்க வேண்டியிருந்தது. இங்கே நாவலாசிரியையே ஏற்கெனவே துண்டாக்கி வைத்திருக்கிறார்.

வகுப்பில் பாதிக்குமேல் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். வாசிப்பு ஆங்கிலத்தில் இருக்கட்டும், பேச்சு எந்த மொழியிலும் இருக்கலாம் என்று சொன்னேன். வினை அங்கேதான் தொடங்கியது.

விக்டர் குழு 5ஆம் அத்தியாயத்தை எடுத்துக்கொண்டது. நவம்பர் மாதத்து இரவு, மணி ஒன்று, கண்ணாடியில் மழை சொட்டுகிறது, மெழுகுவத்தி கிட்டத்தட்டத் தீர்ந்துவிட்டது. அந்த அரைகுறை வெளிச்சத்தில் மங்கலான மஞ்சள் கண் ஒன்று திறக்கிறது. மின்னல் வெட்டும் இயந்திரம், “உயிர் வந்துவிட்டது” என்று கத்தும் விஞ்ஞானி எல்லாம் சினிமாவில். நாவலில் எப்படி உயிர் வந்தது என்று ஒரு வரி விளக்கம்கூடக் கிடையாது. பேச எழுந்த பையன், “கண்ணைத் திறந்தது, மூச்சு வாங்கியது, கை கால் வெட்டி இழுத்தது” என்றான். ஜீவன் குழுவிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். “திறந்ததா, திறந்தானா?”

ஆங்கிலத்தில் இந்தக் கேள்வியே எழாது. அந்தப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேரி ஷெல்லி செய்திருப்பது தெரியும். கண் திறக்கும் வாக்கியத்தில் ‘அது’ என்கிறார். அடுத்த பத்தியில், அழகான அங்கங்களாகப் பார்த்துத்தானே சேர்த்தேன் என்று விக்டர் புலம்பும்போது ‘அவன்’. படுக்கைத் திரையை விலக்கிப் பார்க்கும்போதும் ‘அவன்’. சற்றுக் கழித்து, செய்து முடிக்காமல் கிடந்தபோதே அவலட்சணமாகத்தான் இருந்தான், ஆனால் தசையும் மூட்டும் அசையத் தொடங்கியதும் நரகத்தைப் பாடிய இத்தாலியக் கவி தாந்தேகூடக் கற்பனை செய்திருக்க முடியாத ஒரு பொருளாகிவிட்டது என்று ஒரே வாக்கியத்துக்குள் அவனிலிருந்து அதுவுக்கு வழுக்கிவிடுகிறான். ஆங்கிலத்தில் வாசிப்பவர் இதைக் கவனிக்காமலே தாண்டிவிடலாம், ஏனென்றால் வினைச்சொல் மாறாது. தமிழில் முடியாது. வந்தான், வந்தது, இரண்டில் ஒன்றைச் சொல்லித்தான் வாக்கியத்தை முடிக்க வேண்டும். ஒவ்வொரு முற்றுப்புள்ளியிலும் தீர்ப்பு.

விக்டர் குழு தங்கள் ‘அது’வை விட்டுக்கொடுக்கவில்லை. பிணங்களிலிருந்து எடுத்துத் தைத்தது, அதை எப்படி அவன் என்பது? சரி, இலக்கணம் என்ன சொல்கிறது என்று தமிழ்த்துறை நண்பரைக் கூப்பிட்டேன். அவர் வாசலில் நின்றபடியே தொல்காப்பியத்தைச் சொன்னார்: “உயர்திணை என்மனார் மக்கட் சுட்டே, அஃறிணை என்மனார் அவரல பிறவே.” மக்கள் என்று சுட்டப்படுவது உயர்திணை. சுட்டுவது யார் என்பதில்தானே இங்கே சண்டையே. அப்புறம் நன்னூலுக்கு வந்தார்: “மக்கள் தேவர் நரகர் உயர்திணை.” வகுப்பு கொல்லென்று சிரித்தது. விக்டர் தன் கதை முழுக்க அந்த ஜீவனைப் பிசாசு, பேய், நரகத்திலிருந்து வந்தவன் என்றுதான் திட்டுகிறான். நரகன் என்றாலும் உயர்திணைதான் என்கிறார் பவணந்தி முனிவர். திட்டித் திட்டியே விக்டர் தன் கட்சியைத் தோற்கடித்துக்கொண்டான்.

ஆனால் விக்டர் குழுவிலேயே இருந்த ஒரு மாணவி, அவ்வளவு நேரம் வாயே திறக்காதவள், வேறொன்று சொன்னாள். “பச்சக் குழந்தையையும் அதுன்னுதானே மேடம் சொல்றோம். அழுவுது, பால் குடிக்குது, தூங்குதுன்னு.”

அவள் அக்காவுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்ததாம். இந்த நாவலைப் பற்றி நான் படித்த கனமான கட்டுரைகள் சிலவற்றைவிட அந்த ஒரு வரி எனக்கு அதிகம் உதவியது. 5ஆம் அத்தியாயத்தை அந்தக் கண்ணோடு திரும்ப வாசித்தோம். விக்டர் பயந்து படுக்கையறைக்கு ஓடி, உடை மாற்றாமலே விழுந்து தூங்கி, கெட்ட கனவு கண்டு விழிக்கிறான். ஜீவன் படுக்கைத் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. வாய் திறக்கிறது, புரியாத சத்தம் ஏதோ வருகிறது, கன்னம் சுருங்க ஒரு இளிப்பு. ஒரு கை நீள்கிறது. தன்னைப் பிடித்து நிறுத்தத்தான் கை நீட்டியது ‘போலிருந்தது’ என்கிறான் விக்டர். அந்தப் ‘போல’ அவனுடைய ஊகம். அழுகை, பொக்கைச் சிரிப்பு, தூக்கச் சொல்லி நீட்டும் கை என்று வாசித்தால் அந்தக் காட்சியில் இருப்பது எட்டடி உயரத்தில் ஒரு பச்சைக் குழந்தை. பெற்றவன் மாடிப்படி இறங்கி ஓடிவிட்டான், இரவெல்லாம் முற்றத்தில் உலாத்திக்கொண்டிருக்கிறான்.

ஐந்தாவது குழு தன் பங்கைக் கொண்டுவந்து வைத்தது அந்த இடத்தில்தான். ஆசிரியர் வாழ்க்கை வரலாறு என்றாலே செமினாரில் தூக்கம் வரும். அதனால் அந்தக் குழுவுக்கு மட்டும் ஒரு கட்டளை: எந்தத் தேதியைச் சொன்னாலும் நாவலில் ஒரு பக்கத்தைக் காட்ட வேண்டும். காட்ட முடியாத தேதி வேண்டாம். ரோல் நம்பர் வரிசையில் பிறந்த தேதி சொல்லும் கொடுமை அத்தோடு ஒழிந்தது. மேரி பிறந்து பதினோராம் நாள், 1797 செப்டம்பரில், அவர் தாய் மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் பிரசவக் காய்ச்சலில் இறந்தார். 1815 பிப்ரவரியில் மேரிக்கு மாதம் நிறையாமல் ஒரு பெண் குழந்தை பிறந்தது, பெயர் வைக்கும் முன்பே மார்ச் தொடக்கத்தில் இறந்துபோனது. இரண்டு வாரம் கழித்து நாட்குறிப்பில் எழுதுகிறார்: என் குழந்தைக்கு உயிர் திரும்பியதாகக் கனவு கண்டேன், உடம்பு குளிர்ந்துதான் போயிருந்ததாம், நெருப்பின் முன் வைத்துத் தேய்த்தோம், பிழைத்துக்கொண்டது. விழித்தால் குழந்தை இல்லை. அவருக்கு அப்போது வயது 17. அடுத்த வருடம்தான் நாவல் தொடங்கியது. பெயர் வைக்காத அந்த ஜீவனைப் பற்றி இதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மற்றபடி 1816 கோடைக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். முந்தைய வருடம் ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசு வானத்தை மறைத்து, ஐரோப்பாவில் கோடையே வராமல் போன வருடம். ஜெனீவா ஏரிக்கரையில் லார்ட் பைரன் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஓயாத மழைக்கு அடைந்து கிடந்தவர்கள், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவதென்று பந்தயம் கட்டினார்கள். பைரன், மேரியின் துணைவர் பெர்சி ஷெல்லி ஆகிய கவிஞர்கள் இருவரும் பாதியில் விட்டுவிட, பதினெட்டு வயதுப் பெண் எழுதி முடித்தார். 1818 ஜனவரி 1ஆம் தேதி மூன்று பாகங்களாக வந்தது, 500 பிரதி, ஆசிரியர் பெயர் இல்லாமல். முன்னுரை எழுதியது பெர்சி ஷெல்லி என்பதால் எழுதியதும் அவர்தான் என்று நினைத்தவர்கள் உண்டு. ஒரு பெண் எழுதியதை அவள் வீட்டுக்காரர் எழுதினார் என்று சொல்வது எந்த ஊரிலும் பழக்கம்தான் போலிருக்கிறது.

ஜீவன் குழு பேச வந்த அன்று திணைச் சண்டை தானாக நின்றுபோனது. அந்தக் குழுவினர் கட்டுரை வாசிக்கவில்லை, ‘நான்’ என்றே பேசினார்கள். நான் விழித்தேன், குளிர்ந்தது, பசித்தது, எங்கே என்று தெரியாமல் அழுதேன். தமிழில் ‘நான் வந்தேன்’ என்பதில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை, உயர்திணையும் அஃறிணையும் தெரியாது. பக்கத்தில் நிற்பவர் பேசும்போதுதான் அவனா அதுவா என்ற வம்பு. சம்பந்தப்பட்டவர் வாயைத் திறந்துவிட்டால் கேள்வியே கரைந்துவிடுகிறது. 1931 படத்தில் ஜீவனாக நடித்த போரிஸ் கார்லோஃபுக்கு வசனமே கொடுக்காமல் உறுமவிட்டார்கள். அந்தப் படத்துக்குப் பிறகு உலகமே ‘அது’ என்று சொல்லிப் பழகியதில் ஆச்சரியம் என்ன? நாவலில் அந்த ஜீவன்தான் எல்லோரையும்விட நன்றாகப் பேசும்.

பேசக் கற்றுக்கொண்ட கதைதான் அந்தக் குழுவைப் பிடித்துக்கொண்டது. காட்டோரத்தில் டி லேசி என்ற பார்வையற்ற முதியவர், அவர் மகன் ஃபெலிக்ஸ், மகள் அகதா. அவர்கள் வீட்டை ஒட்டிய ஒரு கொட்டிலில் ஒளிந்துகொண்டு, பலகை இடுக்கு வழியாகப் பார்த்தும் கேட்டும் ஜீவன் மொழி பழகுகிறது. முதலில் பிடிபட்ட சொற்கள் நான்கு: நெருப்பு, பால், ரொட்டி, விறகு. அப்புறம் அண்ணன், தங்கை, அப்பா. ‘நல்ல’, ‘அன்பான’, ‘வருத்தமான’ போன்ற சொற்களைக் காதில் பிரித்துக் கேட்க முடிந்ததாம், பொருள் மட்டும் பிடிபடவில்லையாம். இரவில் போய் அவர்களுக்கு விறகு வெட்டி வாசலில் போட்டுவிட்டு வரும். பிறகு சாஃபி என்ற அரபுப் பெண் வருகிறாள். அவளுக்கு ஃபெலிக்ஸ் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க, கொட்டிலில் இருக்கும் மாணவனும் கூடவே படிக்கிறது. அந்தப் பெண்ணைவிட வேகமாகப் படித்தேன் என்று ஒரு சின்னப் பெருமை வேறு. பிறகு வழியில் கிடைத்த ஒரு தோல்பெட்டியில் மூன்று புத்தகங்கள். அதில் ஆங்கிலக் கவி மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ என்ற காவியமும் உண்டு.

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் இந்தப் பகுதியைச் சொன்னான். இங்கிலீஷ் மீடியம் வகுப்பு நடக்கும்போது ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டதுண்டு என்றான். அதற்கு மேல் விளக்கவில்லை, விளக்கவும் தேவைப்படவில்லை. அதன்பின் அவன் வாசித்துக் காட்டியது முதியவரைச் சந்திக்கும் காட்சி. மற்றவர்கள் வெளியே போன நேரம் பார்த்து ஜீவன் உள்ளே போகிறது. பார்வையற்றவர் அதன் பேச்சைக் கேட்டுவிட்டு, நீங்கள் என் நாட்டுக்காரர் போலிருக்கிறது, பிரெஞ்சுக்காரரா என்று கேட்கிறார். இல்லை, ஆனால் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம் படித்தேன் என்கிறது ஜீவன். அந்தக் குடும்பம் அவர் குடும்பம்தான். உங்கள் முகம் எப்படியோ எனக்குத் தெரியாது, பேச்சில் நேர்மை இருக்கிறது என்கிறார் முதியவர். சற்று நேரத்தில் மற்றவர்கள் திரும்பி வருகிறார்கள். அகதா மயங்கி விழுகிறாள், சாஃபி ஓடிவிடுகிறாள், ஃபெலிக்ஸ் தடியால் அடிக்கிறான். வகுப்பில் யாரோ, “அவர் திருப்பி அடிக்கலையா?” என்று கேட்டார்கள். அடிக்கவில்லை. ஆனால் கேட்டவர் ‘அவர்’ என்றதை அத்தனை பேரும் கவனித்தோம். மில்டனைப் படித்தவருக்கு மரியாதை வேண்டாமா என்றது ஒரு குரல்.

இதை வைத்து ஜீவனை அப்பாவியாக்கிவிடக் கூடாது. அந்தக் குழு அப்படித்தான் செய்யப் பார்த்தது, நான்காவது குழு விடவில்லை. வில்லியம் சின்னப் பையன், அவன் கழுத்தை நெரித்தது யார்? கொலையோடு நிற்கவில்லை. பையன் கழுத்தில் இருந்த படத்தை, அருகில் தூங்கிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் ஜஸ்டினின் உடையில் சொருகிவிட்டுப் போனது. ஜஸ்டினைத் தூக்கில் போடுகிறார்கள். கொன்றது யாரென்று விக்டருக்குத் தெரியும், வாய் திறக்கவில்லை. ஜஸ்டின் கொலையை ஒப்புக்கொள்ளவும் செய்கிறாள்: பாவ அறிக்கை கேட்க வந்த பாதிரியார் நரகம் நரகம் என்று மிரட்டியதில், அவர் சொல்கிற ராட்சசி நான்தானோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது என்கிறாள். விக்டர் தன் படைப்பின் மேல் அள்ளி வீசுகிற அதே சொல், ஒரு பாவமும் அறியாத பெண்ணின் மேலும் வந்து விழுகிறது. நான்காவது குழுவுக்கு மொத்தமாகக் கிடைத்த பக்கங்கள் மிகக் குறைவு. எட்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, எங்கள் ஆட்களைப் பேசவிட்டால்தானே நாங்கள் பேச முடியும் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அந்த எட்டு நிமிடத்துக்கு முழு மார்க் போட்டேன்.

அந்தக் குழுவுக்கும் விக்டர் குழுவுக்கும் நடுவே ஒரு வேடிக்கையான சண்டையும் வந்தது. எலிசபெத் விக்டருக்கு அத்தை மகள் என்று ஒரு குழு சொல்ல, இல்லை, இத்தாலியில் ஏரிக்கரைக் கிராமத்தில் எடுத்து வளர்த்த அநாதைக் குழந்தை என்று இன்னொரு குழு. இரண்டு பேரும் பக்கத்தைக் காட்டினார்கள். கடைசியில் பார்த்தால் இரு குழுவும் இணையத்திலிருந்து இறக்கியது வேறு வேறு பதிப்பு. 1818இல் வந்த பதிப்பில் எலிசபெத் விக்டரின் அப்பாவுடன் பிறந்தவளின் மகள். 1831இல் மேரி ஷெல்லி நாவலைத் திருத்தி வெளியிட்டபோது ரத்த உறவை வெட்டிவிட்டு வளர்ப்புப் பெண்ணாக்கினார். ஒரே வீட்டில் கூடப் பிறந்தவள் போல வளர்ந்த உறவுக்காரப் பெண்ணைக் கட்டிக்கொள்வது ஆங்கில விமர்சகர்களுக்கு இன்றும் நெருடுகிற இடம். என் வகுப்பிலோ, முறைப்பெண்ணைக் கட்டுறதுல என்ன மேடம் பிரச்சினை என்றார்கள். 1831இல் ஏன் மாற்றினார் என்பதைப் புரியவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அதிலிருந்து செமினார் தொடங்கும்போதே இரண்டு பதிப்பையும் பெயர் எழுதி அனுப்பிவிடுகிறேன். காப்புரிமை என்றோ முடிந்த புத்தகம், இரண்டுமே இலவசம்.

வால்டன் குழுவை எடுத்தவர்கள் சோர்ந்துதான் போயிருந்தார்கள். கடிதம் எழுதுகிற ஆள், கதையே அவனுடையது இல்லை, இதில் என்ன சொல்வது? பெரும்பாலான கைடுகளும் வால்டனை ஒரு பத்தியில் முடித்துவிடும். கடைசியில் புதையல் அவர்களுக்குத்தான் கிடைத்தது. நாவலின் இறுதிப் பகுதியில் வால்டன் அக்காவுக்கு எழுதுகிறான்: நான் குறிப்பெடுப்பதை விக்டர் கண்டுகொண்டார், வாங்கிப் பார்த்தார், பல இடங்களில் தாமே திருத்தினார், சேர்த்தார். எங்கே அதிகம் திருத்தினார் தெரியுமா? தன் எதிரியோடு நடந்த பேச்சுகளில், அவற்றுக்கு உயிர் கொடுப்பதற்காக.

அந்தக் குழுவின் தலைவி இதை வாசித்து முடித்ததும் ஜீவன் குழுவைத் திரும்பிப் பார்த்தாள். நீங்கள் மூன்று நாளாக ‘நான் நான்’ என்று பேசியது முழுக்க விக்டர் திருத்திக் கொடுத்தது என்றாள். வகுப்பு ஒரு நிமிடம் கப்சிப். விக்டர் தனக்குச் சாதகமாகத்தானே திருத்தியிருப்பான், அப்படியிருந்தும் ஜீவன் பக்கம் இவ்வளவு நியாயம் தெரிகிறது என்றால் உண்மையில் எவ்வளவு இருந்திருக்கும் என்று ஜீவன் குழு மடக்கியது. எதிரி எவ்வளவு நன்றாகப் பேசினானோ அவ்வளவுக்குத் தன் பெருமைதானே, செய்தது அவன்தானே என்றது விக்டர் குழு. மூன்றுக்கும் நாவலில் இடம் இருக்கிறது. அத்தியாயத்தை ஐந்தால் வகுத்திருந்தால் அந்த வாக்கியம் கடைசிக் குழுவின் எட்டாவது ஸ்லைடில் எங்காவது செத்துக் கிடந்திருக்கும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு இந்த முறையில் குறையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆறு பேர் குழுவில் இரண்டு பேர் சுமப்பதும் நான்கு பேர் ஏறி உட்கார்ந்துகொள்வதும் எப்போதும் உண்டு. அதற்கு நான் கண்ட ஒரே வழி சீட்டுக் குலுக்கல்: குழு பேசி முடித்ததும் சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவர்தான் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், மார்க் ஆறு பேருக்கும். அதன்பின் விடுதியில் இரவு பதினொரு மணிக்கு ஒருவருக்கொருவர் கதை சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று கேள்வி. நேரமும் எகிறும். மூன்று வகுப்பில் முடிய வேண்டியது ஏழு வகுப்பைத் தின்றது, அடுத்த பாடத்தை ஓட்டமும் நடையுமாக முடித்தேன். இணையத்தில் எடுத்த கட்டுரையை அப்படியே ஒப்பிக்கிறவர்களும் குறையவில்லை. ஆனால் தமிழில் பேசும்போது அவனா அதுவா என்று முடிவெடுத்தாக வேண்டும், அந்த முடிவை எந்தக் கைடும் எடுத்துக் கொடுப்பதில்லை.

ஐந்தாவது குழு இன்னொன்றும் காட்டியது. 1823இல் லண்டனில் இந்த நாவல் மேடை நாடகமானது. நடிகர் பட்டியலில் ஜீவனாக நடித்தவர் பெயருக்கு எதிரே பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. நாடகத்தைப் பார்த்த மேரி ஷெல்லிக்கு அந்தக் கோடு பிடித்திருந்தது. பெயரிட முடியாததை இப்படிப் பெயரிடாமல் பெயரிட்டது நன்றாகத்தான் இருக்கிறது என்று நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1931 படத்தின் தொடக்கத்தில் அதே இடத்தில் கேள்விக்குறி.

கடைசி வகுப்பில் எல்லாக் குழுவுக்கும் ஒரே வேலை. நாவலின் கடைசி வாக்கியத்தைத் தமிழில் எழுத வேண்டும். விக்டர் இறந்துவிட்டான். சவத்தின் மேல் குனிந்து அழுத ஜீவன், வட கோடிக்குப் போய்ச் சிதை மூட்டி எரிந்துபோகிறேன் என்று வால்டனிடம் சொல்லிவிட்டுக் கப்பல் ஜன்னல் வழியே பனிப்பாளத்தில் குதிக்கிறது. எரிந்ததை யாரும் பார்க்கவில்லை. அலைகள் கொண்டுபோக, இருட்டிலும் தொலைவிலும் மறைந்ததோடு நாவல் முடிகிறது. ஆங்கிலத்தில் அந்த வாக்கியம் ‘அவன்’ என்றுதான் தொடங்கும்.

விக்டர் குழு ‘மறைந்தது’ என்று எழுதியது. ஜீவன் குழு ‘மறைந்தான்’. நான்காவது குழுவில் ஒருவன் வேண்டுமென்றே ‘தொலைந்தான்’ என்று எழுதினான், வில்லியமை மறக்காதவன். குழந்தையை அதுவென்போமே என்ற அந்த மாணவியின் தாளில் இப்படி இருந்தது: “சற்று நேரத்தில் அலைகள் அடித்துக்கொண்டு போய்விட்டன. அப்புறம் இருட்டும் தூரமும்தான்.”

“யாரை அடிச்சிட்டுப் போச்சு, ஆளையே காணோமே?” என்றது கடைசி பெஞ்ச்.

“வால்டனுக்கும்தான் காணோம்” என்றாள்.